வாய்க்கால் கரையில் வைத்த மீன்

என் கணவருடைய பூனையைக் கொயோட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று கோயிலில் கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். சொல்லும்போது உச்சுக்கொட்டினேன். "பாவம் மனுசன், உடைஞ்சு போனார்" என்று கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அந்தப் பூனையைக் கொயோட்டியின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நான் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்றெல்லாம் இல்லை, எனக்கு வாய் எப்போதும் வரும். வெட்கம், அவ்வளவுதான்.

மொன்றியல் நகரத்துக்கு ஒதுக்குப்புறமான கர்க்லாண்டில் எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. பின்வளவுப் புல் முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். அதற்கு அங்கால் யாரும் இன்னும் கட்டாமல் விட்ட பெரிய வயல், அதற்கும் அங்கால் காடு. நகரத்துக்குள் அஹுன்ட்சிக்கில் மூன்றாம் மாடியில் பதினாறு வருடம் படியேறி இறங்கிவிட்டு இங்கே வந்தபோது, இந்த வெளியைப் பார்த்து இவர் "மூச்சு விடலாம்" என்றார். எனக்குப் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. பின்னேரமானால் வயலுக்குள்ளிருந்து ஊளை கேட்கும். நான் நரி என்பேன். இவர் "நரியில்லை, கொயோட்டி, இந்த நாட்டு ஓநாய்ச் சாதி" என்று திருத்துவார். நரியோ என்ன இழவோ, கேட்டவுடன் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இவருக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஒரு நாள் அடுக்கிய பெட்டிகள் சரியப் போக, பிடிக்கப்போய் முதுகு போய்விட்டது. வெட்டினார்கள், தைத்தார்கள், ஆறு மாதத்தில் எழும்பி நடக்கலாம் என்றார்கள். நடக்க முடிந்தபோது இவர் நடக்கவில்லை. படுக்கையறைத் திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முதுகு இல்லை, மனம் என்று வைத்தியர் சொல்லிக் குளிசை கொடுத்தார். மிச்சத்தை நான் கொடுத்தேன், காலையும் மாலையும் ஏச்சு. "ஊரிலை எல்லாத்தையும் விட்டிட்டு வந்து இந்தக் குளிருக்குள்ளை நான் வேலைக்கு ஓடுறன், நீங்கள் கிடவுங்கோ" என்று கதவடியில் நின்று சொல்லிவிட்டுத்தான் விடிய வெளிக்கிடுவேன். நான் ஒரு கார்டெரியில், அதுதான் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், சமையல்காரி. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பதினொன்றரைக்கு மேசையில் இருக்க வேண்டும். ஏசினால் எழும்புவார் என்று நிச்சயமாக நம்பினேன். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என் சொந்தக்காரர் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதை நானும் ஒரு பட்டம் போல வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாசி மாதம், நான் வேலையால் வந்தபோது திரை திறந்திருந்தது. இவர் சமையலறைக் கதிரையில் ஜாக்கெட்டோடு இருந்தார். மேசையில் திறந்த மீன் டின்.

"ஒரு பூனை கத்திச்சுது" என்றார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவராக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. நான் வைத்த நேர்த்தி, பிடித்த விரதம், பேசிய பேச்சு எல்லாவற்றுக்கும் எழும்பாத மனிதரைக் கண்டறியாத ஒரு பூனை எழுப்பிவிட்டது. சந்தோசப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். கூடவே சுருக்கென்று ஏதோ குத்தியது, அதையும் மறைக்கமாட்டேன்.

அதுகள் மூன்று கட்டாக்காலிப் பூனைகள். எங்கள் பின்வளவு மரக் கொட்டிலுக்கு அடியில், நிலத்துக்கும் பலகைக்கும் இடையிலிருந்த ஒரு சாண் இடைவெளியில் குடியிருந்தன. இரண்டு கறுப்பு, அதுகள் ஆளைக் கண்டால் மறையும். மற்றது சாம்பல். அதன் இடக்காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. யாரோ பிடித்துக் குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்து, அடையாளத்துக்குக் காதை வெட்டி, திரும்ப வெளியில் விட்டிருக்கிறார்கள் என்று இவர் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னார். வாசிக்கவும் தொடங்கிவிட்டார்! அந்தச் சாம்பல்தான் இவர் வைத்ததை முதலில் தின்றது. ஒரு வருடம் கழிய அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றது.

பனிக்காலத்தில் இவர் என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டுக் காட்டிய ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்வளவுப் பனியில் பூனைகளின் காலடிகள் கொட்டிலையும் வீட்டுச் சுவரையும் சுற்றிச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகக் கிடந்தன. வாய்க்காலுக்கு அங்கால் கொயோட்டியின் காலடி ஒரே கோட்டில், கயிறு பிடித்ததுபோல் நேராகப் போனது. இரண்டுக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்கு யாருடைய காலும் படாத பனி.

"பாத்தீரோ? அது இஞ்சாலை வராது, இதுகள் அங்காலை போகாது. அதுக்கு வயல் எலியும் முயலும். இதுகளுக்குக் கொட்டிலடி எலி. அது வெளிக்கிடுற நேரம் இதுகள் கொட்டிலுக்குக் கீழை. வெயில் ஏற அது காட்டுக்குள்ளை, இதுகள் வெளியிலை."

"அப்ப ரெண்டும் ஒத்து ராசியாப் போகுதுகள் எண்டு சொல்லுங்கோ."

"ராசி இல்லை. பூனைக்குப் பயம். அது ஒதுங்கி நடக்கிறபடியாலைதான் சண்டை இல்லாமல் இருக்கு. ஒரு நாளைக்கு மறந்து அங்காலை போனால் சரி, முடிஞ்சுது."

அதனால் சாப்பாடு வைப்பதிலும் இவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். விடியவும் வைப்பதில்லை, பின்னேரமும் வைப்பதில்லை. காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, பின் வாசற்படியில் என் பழைய சில்வர் கோப்பையில் மீனை வைப்பார். பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருப்பார். அரைமணித்தியாலத்தில் கோப்பையைக் கழுவி உள்ளே எடுத்துவிடுவார். மணம் வெளியில் நிற்கக்கூடாதாம். அந்தப் பத்து மணிக்காக எட்டு மணிக்கே எழும்பி முகம் கழுவிச் சவரமும் எடுத்தார். வைத்தியரே அதிசயப்பட்டார். அந்தப் பூனை இல்லாவிட்டால் இந்த மனிதர் திரும்பவும் படுத்துவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

அதைக் குஞ்சு என்று கூப்பிடுவார். "வாங்கோ குஞ்சு, சாப்பிடுங்கோ குஞ்சு" என்று மரியாதையோடு. ஒரு சனிக்கிழமை நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதுகு எப்படி இருக்கிறது, ராத்திரி என்ன கனவு கண்டார், எல்லாம் பூனைக்குச் சொல்கிறார். முப்பத்தொரு வருடத்தில் என்னை ஒரு நாள் குஞ்சு என்று கூப்பிட்டதில்லை. எனக்கு எரிந்தது. ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒரு பூனையில் எரிச்சல் படுவதா என்று கேட்பீர்கள். பட்டேன்.

போன ஆவணியில் ஊரில் நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றம் வந்தது. இங்கே இருந்தாலும் அந்த இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை எதுவும் படி ஏறாது. குளிர்ப்பெட்டியைக் கழுவி, சட்டிகளைப் பிரித்து, போனில் திருவிழாவைப் பார்த்துக்கொண்டு மரக்கறிதான். முந்தின வருடமும் கொடியேறியது, அப்போதும் பூனைக் கோப்பை வாசலில்தான் இருந்தது, நான் கண்டும் காணாமல் விட்டேன். போன வருடம் விடவில்லை.

"இஞ்சருங்கோ, நாளைக்குக் கொடி. பூனைக்கு வாசலிலை மீன் வைக்கேலாது."

"அது பின்னை என்ன, பருப்புக் கறியோ தின்னுறது?" என்று சிரித்தார்.

"மீனைத் தின்னட்டும், ஆர் வேண்டாமெண்டது? வாய்க்கால் கரையிலை வைச்சால் அங்கை போய்த் தின்னட்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அங்கை போகாதுகள். கொயோட்டியும் இப்ப குட்டியளோடை திரியுது. குட்டியளுக்கு வேட்டை பழக்கிற காலம், பகலிலையும் வருகுது."

"அதுக்கு நான் என்ன செய்ய? வாசலிலை மச்சத்தை வைச்சுக்கொண்டு உள்ளை விளக்குக் கொழுத்தவோ?"

"நீர் கார்டெரியிலை நாள் முழுக்கக் கோழி வெட்டுறீர்தானே" என்றார், மிக மெதுவாக.

"அது வேலை! இது வீடு! வந்து முழுகிப்போட்டுத்தானே விளக்கடிக்குப் போறன்? கண்டறியாத பூனைக்காக என்ரை விரதத்தைக் கெடுக்கச் சொல்லுறியளோ? பசிச்சால் போகும்!"

கழுவி வைத்திருந்த பூனைக் கோப்பையை எடுத்து என் பக்கமாக வைத்தார். பிறகு "சரி" என்றார்.

இவருடைய முதுகோடு அந்த மேடுபள்ளப் புல்லில் வாய்க்கால்வரை போய்வர ஏலாது. ஆகவே கோப்பையை நானே கொண்டுபோனேன், விடிய ஆறு மணிக்கு, வேலைக்குப் போகமுன். மீனைத் தொட்டுவிட்டு வந்து முழுகி விளக்கேற்றிவிட்டுப் போக வசதியான நேரம் எனக்கு அதுதான். கொயோட்டிக்கும் அதுதான் நேரம் என்று இவர் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! என் வசதியைத்தான் பார்த்தேன். கோப்பையை எடுத்துவைக்கவும் யாருமில்லை, நான் வேலையால் வரும்வரைக்கும் மீன் அங்கேயே மணந்துகொண்டு கிடந்தது.

நான்கு நாள் பூனைகள் போகவில்லை. வாசற்படியில் வந்து நின்று கத்தின. இவர் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாராம். ஐந்தாம் நாள் அந்தச் சாம்பல் பூனை பசி தாங்காமல் புல்லில் வயிறு படப் பதுங்கிப் பதுங்கிப் போய்த் தின்றதாம். பின்னேரம் இவர் அதை எனக்குச் சொன்னபோது "பாத்தியளோ, நான் சொன்னனான்தானே" என்றேன். வென்ற சந்தோசம்.

பத்தாம் நாள் மஞ்சத் திருவிழாவுக்கு அடுத்த நாள், கார்டெரிப் பிள்ளைகளுக்கு மக்கறோனி பரிமாறிக்கொண்டு நிற்கையில் போன் அடித்தது. இவர் வேலைக்கு ஒருபோதும் எடுப்பதில்லை.

"குஞ்சைத் தூக்கிக்கொண்டு போட்டுது" என்றார். பின்னால் மூச்சு மட்டும் கேட்டது. "நான் கண்ணாடியிலை அடிச்சனான். கத்தினனான். ஓட ஏலேல்லை."

"ஐயோ" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனதுக்குள், இனிமேல் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய வாய்க்காலுக்குப் போகத் தேவையில்லை என்று ஒரு ஆறுதல் வந்தது. அதற்கு எனக்கு மன்னிப்பே இல்லை.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தார். கியூபெக்காரர், பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார். கையில் என் சில்வர் கோப்பை. வாய்க்காலுக்கு அங்கால் கிடந்ததாம். மனிதர் கொதித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வருடமாகப் பூனையும் கொயோட்டியும் இந்த இடத்தில் ஒன்றையொன்று அண்டாமல் இருந்தன, எவருக்கும் கரைச்சல் இல்லை, இதை அங்கே வைத்தவர்தான் அந்தப் பூனையைக் கொன்றவர் என்றார். நான் கார்டெரியில் பிரெஞ்சு பழகியவள், ஒரு சொல் விடாமல் விளங்கியது. இவர் களஞ்சியத்தில் இங்கிலீசோடு காலம் தள்ளியவர். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னவாம்?" என்று கேட்டார்.

"கொயோட்டியள் கூடிப்போச்சாம். கவனமா இருக்கட்டாம்."

இவர் கோப்பையைப் பார்த்தார். கிழவரின் முகத்தைப் பார்த்தார். "மெர்சி" என்று அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்த் திரையை இழுத்து மூடிப் படுத்தார்.

பதின்மூன்று நாள். குளிசையை வைத்தால் குடித்தார், சோற்றை வைத்தால் இரண்டு வாய் தின்றார். சவரம் எடுக்கவில்லை. நான் ஏசவில்லை, ஏசப் பயமாக இருந்தது. மற்ற இரண்டு பூனைகளையும் காணவில்லை. தேரன்று போனில் முருகன் தேரேறும்போது எனக்கு அழுகை பொங்கியது. எழும்பிப் போய், இரண்டு வாரமாக மூடியிருந்த பின்கொட்டில் அலுமாரியிலிருந்து மீன் டின்னை எடுத்துத் திறந்தேன். தேர்த் திருவிழா நாளில், என் கையால், வாசற்படியில் மீனை வைத்தேன். "குஞ்சு, வாங்கோ" என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திருவிழா முடிந்த அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நின்றேன். கட்டில் விளிம்பில் போய் இருந்தேன்.

"இஞ்சருங்கோ. கோப்பையை அங்கை வைச்சது விரதத்துக்காக மட்டுமில்லை. எனக்கு எரிச்சல். உங்களுக்கு அது என்னைவிடப் பெரிசாப் போச்சு எண்டு எரிச்சல். அந்தக் கிழவரும் என்னைத்தான் ஏசினவர். நான் மாத்திச் சொன்னனான்."

"தெரியும்" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"தெரியுமெண்டால் ஏன் விட்டனீங்கள்? நான் வேலைக்குப் போனாப் பிறகு வாசலிலை ஒரு மீன் துண்டைப் போட்டிருக்கலாமே? ஆர் கண்டது?"

"மணத்திலை பிடிச்சிருப்பீர்."

"பிடிச்சால்?"

"கத்துவீர்."

இவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"உம்மிலை பிழையில்லை. நீர் கத்தக்கூடாது எண்டு நான் முப்பத்தொரு வருசமாப் பாத்துப் பாத்துத்தான் நடக்கிறன். பழகிப்போச்சு. அண்டைக்கும் பேசாமல் விட்டிட்டன். குஞ்சுக்குத்தான் அநியாயம் செய்துபோட்டன்."

எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே இல்லை, ஒரு நாள்கூட அவர் என்னை எதிர்த்துக் கதைத்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். கலியாணம் கட்டும் பிள்ளைகளுக்குப் புத்திமதிகூடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டில் விளிம்பில் இருந்து, எந்தெந்த நாளில் எந்தெந்தச் "சரி"யை இவர் பயத்தில் சொன்னார் என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்க முடியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து எழும்பிவிட்டார். நான் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. குளிக்கிறார், சாப்பிடுகிறார், வைத்தியரிடம் தானே போகிறார். எல்லாரும் "ஆள் தேறிட்டார்" என்கிறார்கள். எனக்குத்தான் தெரியும். ரிவி பார்க்கட்டோ என்று கேட்கிறார். இந்தக் கதிரையில் இருக்கட்டோ என்று கேட்கிறார். முன்னர் கேட்காமலே ஒதுங்கியவர், இப்போது கேட்டு ஒதுங்குகிறார். நானும் குரலைத் தணித்துத்தான் பார்க்கிறேன். பிறவிக் குரல், எங்கே தணிகிறது!

இந்த வைகாசியில் ஒரு ஞாயிறு, நான் மீன் பொரித்துக்கொண்டு நின்றேன். பின் வாசற்படியில் ஒரு பூனை வந்து நின்றது. செம்மஞ்சள், எலும்பும் தோலும், முன்பின் கண்டிராதது. கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தது. இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். எழும்பிய வேகத்தைக் கண்டு அகப்பையைக் கீழே வைத்தேன். கடவுளே, கடவுளே என்று அடுப்பைப் பார்த்தபடி நின்றேன்.

"இஞ்சேரும்" என்றார். "ஒரு மீன் தலை குடுக்கட்டோ?"

"குடுங்கோவன்! இதையும் ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?"

சத்தியமாக நான் ஏசவில்லை. சந்தோசத்தில் சொன்னேன். நெஞ்சு நிறைந்து வந்த சந்தோசத்தில்தான் குரல் அப்படி எழும்பியது. இவர் கை பாதி வழியில் நின்றது. எடுத்த மீன் தலையைத் திரும்பச் சட்டிக்குள் மெல்ல வைத்தார்.

"இல்லை, பரவாயில்லை. பேந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவின் திரையை இழுத்து மூடினார்.